துரு உள்ளேயிருந்துதான் வருகிறது

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு வருமானம் இல்லாத இரண்டு மாதம். படகுக்கோ வருஷத்தில் ஒருமுறை கிடைக்கும் வைத்தியக் காலம். போன தடைக்காலத்தில் எங்கள் இரும்புப் படகை அக்கரைப்பேட்டையில் கரையேற்றினோம். அன்று பார்த்தது இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. இரும்புப் படகு வைத்திருக்கிற, வாங்க நினைக்கிற நான்கு பேருக்காவது பயன்படும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

பாசியையும் கொட்டலசையும் சுரண்டி, நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு படகின் அடிப்பாகம் அவ்வளவு நன்றாக இருந்தது. எட்டு வயதுப் படகு. பெயின்ட் எங்கும் உரியவில்லை, கொப்புளம் இல்லை. "ஒரு கோட்டு அடிச்சு எறக்கிடலாம்டா, இந்த வருஷம் செலவு மிச்சம்" என்றார் சித்தப்பா. எனக்கும் அதே எண்ணம்தான்.

வெல்டர் அண்ணன் மட்டும் பதில் பேசவில்லை. சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, சுக்கான் பக்கமிருந்து சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே முன்னால் வந்தார். ணங், ணங் என்று கோயில் மணி மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது. மீன் அறைக்கு நேர் கீழே வந்தபோது சத்தம் மாறியது. டொக். நின்றார். அதே இடத்தில் இன்னொரு தட்டு. டொக். "தம்பி, இங்க கொஞ்சம் வாங்க" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டுச் சுத்தியலின் கூர்முனையால் ஓங்கி ஒரு அடி போட்டார். முனை பிலேட்டுக்குள் போய்விட்டது. வெளியே இழுத்ததும் கன்னங்கரேலென்று தண்ணீர் ஒழுகியது. அழுகிய முட்டை நாற்றம்.

கட்டும்போது அங்கே போட்டது 6 மில்லிமீட்டர் பிலேட். தடிமன் பார்க்கும் மீட்டரை வைத்து ஓட்டையைச் சுற்றி அளந்தோம். 1.8, 2.1, 3.4 என்று காட்டியது. இரண்டு முழம் தள்ளி அளந்தால் 5.7. வெளிப்பக்கப் பெயின்ட் கடைசிவரை முழுசாக இருந்தது. அரித்தது வெளிக்கடல் அல்ல, நாங்களே உள்ளே தேக்கி வைத்திருந்த தண்ணீர்.

மீன் அறையில் ஐஸ் உருகும். அந்தத் தண்ணீரோடு மீன் ரத்தம், செதில், உப்பு எல்லாம் சேர்ந்து, குளிர் காக்கும் பஃப் அட்டையின் இடுக்கு வழியாக அடியில் இறங்கும். குறுக்குச் சட்டங்களின் அடியில் அந்தத் தண்ணீர் வழிந்து பின்பக்கக் குழிக்குப் போவதற்காகச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். எங்கள் படகில் இரண்டு துளைகள் செதிலும் சேறும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கட்டத்துக்குள் தேங்கிய தண்ணீருக்குக் காற்று கிடையாது, அசைவு கிடையாது. காற்றில்லாத சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியா கடல்நீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். அந்தக் கறுப்பு நிறமும் முட்டை நாற்றமும் அதனுடைய அடையாளம். அது குடியேறிய இடத்தில் இரும்பு பரவலாகத் தேயாது, குழி குழியாக இறங்கும்.

இதனால்தான் சராசரிக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடுகிறது. பூச்சில்லாத இரும்பு கடல்நீரில் மூழ்கியிருந்தால் வருஷத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 6 மில்லிமீட்டர் பிலேட் அறுபது வருஷம் தாங்க வேண்டும். ஆனால் படகை மூழ்கடிக்கச் சராசரித் தேய்மானம் தேவையில்லை, விரல் நுழைகிற ஒரு ஓட்டை போதும். எங்களுக்கு அது எட்டே வருஷத்தில் வந்தது.

ஓட்டையைக் கண்டதும் எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை, மேலே ஒரு பிலேட்டை வைத்து ஒட்டுப் போட்டுவிடலாம் என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய பிலேட்டுக்கும் புதுசுக்கும் நடுவே ஈரம் சிக்கிக்கொள்ளும். அங்கே பெயின்டும் போகாது, கண்ணும் போகாது. அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் புதுப் பிலேட் வைத்து முழுசாக வெல்டு பண்ணுவதுதான் சரி. வெட்டும்போது மூலைகளை வட்டமாக விடச் சொல்லுங்கள். கூர் மூலையில்தான் பிற்பாடு விரிசல் பிடிக்கும். எங்களுக்கு நான்குக்கு மூன்று அடித் துண்டு ஒன்று மாற்ற வேண்டியிருந்தது. மீன் அறையின் அடித்தளத்தையே பிரித்தோம். பதினொரு நாள் வேலை.

அந்தப் பதினொரு நாளும் வருகிறவர் போகிறவர் எல்லாம் "பேசாம ஃபைபருக்கு மாறிடுங்க" என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டில் தட்டினால் இரும்பு நெளியும், உடையாது. நெளிந்த இடத்தை எந்த ஊர்த் துறையிலும் வெல்டர் ஒருவர் சரிசெய்து கொடுப்பார். பெர்னார் முவாத்தெசியே என்ற பிரெஞ்சுக் கடலோடியின் 'ஜோஷுவா' 1962-இல் கட்டிய இரும்புப் பாய்மரப் படகு. 1968-69-இல் அதில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றினார். 1982-இல் மெக்சிகோ கரையில் புயல் அதைத் தூக்கி மணலில் அடித்தது. அப்படியும் அதை மீட்டுச் சரிசெய்ய முடிந்தது. பிரான்சில் லா ரோஷெல் கடல்சார் அருங்காட்சியகத்தின் படகாக அது இருக்கிறது. பார்த்துக்கொண்டால் இரும்பு நம்மைவிட நீண்ட ஆயுள் வாழும்.

பார்த்துக்கொள்வது என்றால் முதலில் பெயின்ட். நம் துறைகளில் பெயின்ட் கம்பெனி எது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். அடிப்பதற்கு முன்னால் இரும்பு எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் துரு பளபளப்பாகும், போகாது. மணல் பிளாஸ்டிங் செய்து வெள்ளி மாதிரி இரும்பு தெரிய வேண்டும். 'எஸ்ஏ இரண்டரை' என்று கேளுங்கள், பிளாஸ்டிங் செய்கிறவருக்குப் புரியும். பிளாஸ்டிங்குக்கு முன்னால் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவியாக வேண்டும். உப்பின் மேல் பிளாஸ்டிங் செய்தால் அந்த உப்பு இரும்பின் குழிக்குள் இறங்கிவிடும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த எபாக்சி அடித்தாலும் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும்.

நேரமும் முக்கியம். இரும்பின் சூடு பனிபடியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பெயின்ட் வேலையின் அடிப்படை விதி. மே மாதத்து நாகப்பட்டினத்தில் இது விளையாட்டல்ல. விடியற்காலையில் பிலேட்டில் கைவைத்தால் ஈரம் பிசுபிசுக்கும். நடுப்பகலில் அதே பிலேட்டில் கை வைக்க முடியாது, பெயின்ட் பரவும் முன்பே இறுகிவிடும். பிற்பகலில் கடல்காற்று எழும்பினால் உப்புத் தூவலோடுதான் வரும். நாங்கள் காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்திவிட்டோம். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற நேரம். பத்து நாள் கூடப் பிடித்தது, பரவாயில்லை.

வெல்டு ஓரங்கள், பிலேட் விளிம்புகள், போல்ட் தலைகள் ஆகியவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட்டு அடித்துவிட்டு, அப்புறம்தான் மொத்தமாக அடிக்க வேண்டும். கூரான விளிம்பிலிருந்து பெயின்ட் விலகி ஓடிவிடும், துரு முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். தண்ணீருக்கு அடியில் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து ஒப்பேற்றுவது பணத்தைக் கடலில் கரைப்பது. இரண்டு டப்பாக் கலவை எபாக்சி மூன்று நான்கு கோட்டு ஏறி, மொத்தம் 300 மைக்ரானுக்கு மேல் வர வேண்டும். அதற்கு மேல்தான் பாசி பிடிக்காத பெயின்ட். அதில் இருப்பது பெரும்பாலும் தாமிரம். அது நேரடியாக இரும்பைத் தொட்டால் இரும்புக்கே எமன், அதனால் நடுவே எபாக்சி முழுசாக இருந்தாக வேண்டும்.

இதே அக்கறை படகின் உள்பக்கத்துக்கும் வேண்டும். வெளியே நான்கு கோட்டு, உள்ளே கடமைக்கு ஒன்று என்றால் எங்களுக்கு ஆனதுதான் எல்லோருக்கும் ஆகும்.

அடுத்து ஜிங்க் கட்டி. இரண்டு வேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் அது ஒரு பேட்டரி ஆகிவிடும். அவற்றில் ஒன்று கரைந்து மற்றதைக் காக்கும். வெண்கலப் புரொப்பல்லரும் இரும்புப் படகும் சேர்ந்தால் கரைவது படகு. நடுவே துத்தநாகத்தை வைத்தால் படகுக்குப் பதிலாக அது கரையும். ஹம்ப்ரி டேவி 1824-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் தாமிரத் தகட்டைக் காப்பாற்ற வழிதேடியபோது கண்ட முறை, இருநூறு வருஷமாக மாறவில்லை.

கரையேற்றிய அன்று எங்கள் படகின் ஜிங்க் கட்டிகள் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருந்தன. சித்தப்பா "பாரு, தேயவே இல்ல, இன்னொரு வருஷம் ஓடும்" என்று சந்தோஷப்பட்டார். தேயாத ஜிங்க் வேலை செய்யாத ஜிங்க். வருஷத்தில் பாதியாவது கரைந்திருந்தால்தான் அது தன் கடமையைச் செய்திருக்கிறது. சுரண்டிப் பார்த்தோம். மேலே சாம்பல் நிறத்தில் ஓடு மாதிரி ஒரு படலம். பக்கத்து ஊர்க் கடையில் விலை குறைவாகக் கிடைத்தது என்று வாங்கியவை. பழைய உலோகத்தை உருக்கி வார்த்த துத்தநாகத்தில் கொஞ்சம் இரும்பு கலந்துவிட்டாலே இப்படி ஓடு கட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, இரண்டு கட்டிகளின் மேல் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். ஜிங்க் மேல் பெயின்ட் படவே கூடாது. உள்ளே இருக்கும் இரும்புப் பட்டையைப் படகோடு வெல்டு பண்ண வேண்டும். போல்ட் போட்டால் நாளடைவில் இடையே துரு ஏறித் தொடர்பு அறுந்துவிடும்.

இந்தத் தடவை அலுமினியக் கட்டிக்கு மாறினோம். இது பாத்திரம் செய்கிற அலுமினியம் அல்ல, இதற்கென்றே துத்தநாகமும் இன்டியமும் சேர்த்து வார்த்தது. எங்கள் படகு பாதி நாள் கடுவையாற்றில் உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்தில் நிற்கிறது. அந்தத் தண்ணீரில் ஜிங்க் மந்தம், அலுமினியம் தேவலை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மூன்று மடங்குக்கு மேல் உழைக்கும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். படகுக்குச் சாமான் வாங்கும்போது நாம் விலை, கம்பெனி, வாரண்டி பார்க்கிறோம். இரும்புப் படகுக்காரர் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். இந்தச் சாமான் என் பிலேட்டை என்ன செய்யும்?

தண்ணீர் எடுக்கும் வால்வையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது பித்தளை. கடல்நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்துபோய், மிச்சம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஒருநாள் கைப்பிடியைத் திருகினால் கையோடு வரும். வெண்கலம் உறுதி, ஆனால் நேராக இரும்பில் பொருத்தினால் சுற்றியிருக்கும் இரும்பு அரிக்கும். நாங்கள் செய்தது இதுதான். கனத்த சுவருள்ள இரும்புக் குழாய்த் துண்டைப் பிலேட்டில் நிமிர்த்தி வெல்டு செய்து, அதன் தலையில் பிளேஞ்ச் வைத்து, நடுவே ரப்பர் வாஷரும் நைலான் புஷ்ஷும் கொடுத்து வால்வைப் பொருத்தினோம். எல்லா வால்வும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன.

எக்கோ சவுண்டரின் அடித்தலைக்கும் இதே விதி. வெண்கல உறை உள்ளதை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் உறை உள்ளதை வாங்கினோம். டெக்கில் எஸ்எஸ் கைப்பிடி வேண்டுமென்றால், வெல்டு ஓரத்தைத் தாண்டி எஸ்எஸ் பக்கமும் இரண்டங்குலத்துக்கு நன்றாகப் பெயின்டால் மூடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகப் பயம் வயரிங்மேல்தான். லாரி, டிராக்டரில் நெகட்டிவுக்குத் தனி வயர் கிடையாது, பாடிதான் நெகட்டிவ். அதே பழக்கத்தில் படகுக்கும் சில எலக்ட்ரீஷியன்கள் பாடியில் எர்த் கொடுத்துவிடுகிறார்கள். இரும்புப் படகில் அது கொலை. மின்சாரம் பிலேட்டிலிருந்து கடல்நீருக்குள் இறங்கும் இடத்தில் இரும்பு கரையும். எவ்வளவு கரையும் என்று கணக்கே போடலாம். ஒரு ஆம்பியர் மின்சாரம் வருஷம் முழுக்கக் கசிந்தால் சுமார் 9 கிலோ இரும்பு போய்விடும். 24 வோல்ட் பேட்டரியில் 24 வாட் பல்பு ஒன்று எரிய எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுதான் ஒரு ஆம்பியர். 6 மில்லிமீட்டர் பிலேட்டில் 9 கிலோ என்பது கிட்டத்தட்ட ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அதுவும் பரவலாகப் போகாது. பெயின்ட் கீறிய ஓரிடத்தில் எல்லாம் சேர்ந்து இறங்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஹோல்டரில் 24 வோல்ட் பல்பு, இரண்டு நீள வயர். ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள், இன்னொன்றைப் பிலேட்டில் சுரண்டி வையுங்கள். எரிந்தால் எங்கேயோ நெகட்டிவ் பாடியைத் தொடுகிறது. பிறகு நெகட்டிவில் ஒரு முனை, பிலேட்டில் ஒரு முனை. எரிந்தால் பாசிட்டிவ் கசிகிறது, அதுதான் மிக ஆபத்து. எல்லாச் சுவிட்சையும் போட்டுவிட்டுச் செய்ய வேண்டும். பல்பு எரியாவிட்டாலும் மல்டிமீட்டரை வைத்து இன்னொரு முறை பாருங்கள், சின்னக் கசிவுக்குப் பல்பு எரியாது.

எங்கள் படகில் முதல் சோதனையிலேயே பல்பு எரிந்தது. ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிக்கொண்டே போனதில் அடிக்குழிப் பம்பின் மிதவைச் சுவிட்சில் வந்து நின்றது. வயர் இணைப்பு தண்ணீருக்குள்ளேயே கிடந்தது, மேலே சுற்றிய டேப் ஊறிப்போயிருந்தது. மீன் அறைக்குப் பின்னால் நாலடி தூரத்தில்தான் அந்தப் பம்பு. இப்போது இணைப்புகளையெல்லாம் அடிக்குழிக்கு மேலே, பார்வை படும் பெட்டிக்குள் ஏற்றிவிட்டோம். விளக்கு, பம்பு, ரேடியோ எல்லாவற்றுக்கும் இரண்டு வயர். எஞ்சினின் ஆல்டர்னேட்டரும் சென்சாரும் பாடி எர்த் இல்லாத வகையில் கிடைக்கின்றன, எஞ்சின் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். அது முடியாத பழைய எஞ்சின் என்றால், நெகட்டிவ் படகைத் தொடுவது ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

பக்கத்துப் படகில் வெல்டிங் நடக்கும்போதும் கவனியுங்கள். மெஷின் கரையில், எர்த் கிளாம்ப் வேறெங்கோ என்றிருந்தால், மின்சாரம் தண்ணீர் வழியாக உங்கள் படகையும் தொட்டுத் திரும்பும். எர்த் வயரை வெல்டு செய்கிற அதே படகில், அதே இடத்துக்குப் பக்கத்தில் கொடுக்கச் சொல்லி உரிமையோடு கேளுங்கள்.

இரும்புக்கென்றே உள்ள இன்னொரு சங்கடம் திசைகாட்டி. படகே ஒரு காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். வெல்டிங் செய்த பிறகு அதன் பிழை மாறிவிடும். பிலேட் மாற்றி இறக்கியதும் கரையில் தெரிந்த அடையாளங்களை வைத்து எட்டுத் திசையிலும் சரிபார்த்தோம். வடகிழக்கில் ஒன்பது டிகிரி விலகல். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிட முடியாது, கரண்ட் போன ராத்திரியில் அந்த முள் ஒன்றுதான் துணை.

ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள் கருவிகளும் இரும்புக் கூரைக்குக் கீழே குருடு. ஆன்டெனா வெட்டவெளியில் இருக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்கள் இருந்த தூரத்துக்கு விஎச்எஃப் ரேடியோ எட்டாது. கரை நிலையத்தோடு சுமார் 25 கடல் மைல் பேசினாலே அது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த டிசம்பரில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு அம்மா அழுதது எனக்கு மறக்காது. அதனால் பணம் குறைவென்றால் பெரிய கலர் பிளாட்டரைத் தள்ளிப்போடுங்கள். செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் டேட் கருவியைத் தள்ளிப்போடாதீர்கள். விஎச்எஃப்-இல் 16-ஆம் சேனல், கரையிலிருந்து கூப்பிடக் கடலோரக் காவல்படையின் 1554, இரண்டையும் வீல் ஹவுஸில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஜூன் முதல் வாரத்தில் படகு தண்ணீரில் இறங்கியது. மூன்று நாள் கழித்துச் சில்வர் குளோரைடு முனையைத் தண்ணீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் இன்னொரு முனையைப் பிலேட்டில் வைத்துப் பார்த்தேன். மைனஸ் 0.80 வோல்ட்டுக்கும் மைனஸ் 1.05 வோல்ட்டுக்கும் நடுவே வந்தால் இரும்பு பாதுகாப்பில் இருக்கிறது. முன்பக்கம் 0.94, நடுவே 0.96, புரொப்பல்லர் அருகே 0.91. எல்லாம் மைனஸில். சித்தப்பா மீட்டரைக் கையில் வாங்கி, தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு மீன் அறையின் அடிப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, புதுப் பிலேட்டின் மேல் விரலை வைத்துத் தடவினார். காய்ந்திருந்தது. அந்தப் பலகையை இப்போது ஆணி அடிப்பதில்லை. ஒவ்வொரு தங்கலும் முடிந்து கரை திரும்பியதும் கழற்றி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துளைகளில் கம்பியை விட்டுக் குத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம்.